நாய்க்குப் பாடம், நமக்குப் பரீட்சை

ஓர் ஆடிட்டர் எனக்குப் பதினெட்டாயிரத்து ஐந்நூறு கடன் பாக்கி வைத்திருந்தார். அதை வசூல் செய்து முடிப்பதற்குள் அவர் வீட்டு நாய் என் முகத்தைப் பதினாறு முறை நக்கிவிட்டது. நான் படித்தது நாலாம் வகுப்பு வரைதான். ஆனால் எண்ணிக்கையில் இதுவரை யாரும் என்னை ஏமாற்றியதில்லை. பதினாறு என்றால் பதினாறு.

அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு உங்களுக்கு ஒரு ரகத்து மனிதரை அறிமுகம் செய்யப் போகிறேன்.

நாய் வளர்க்கிறவர்களில் பல ரகம் உண்டு. நாயே இல்லாமல் கேட்டில் ‘நாய் ஜாக்கிரதை’ பலகை மட்டும் மாட்டிவைத்திருப்பவர் ஒரு ரகம். “ஒண்ணும் பண்ணாது, ஒண்ணும் பண்ணாது” என்று சொல்லிக்கொண்டே வந்து, கிழிந்த நம் பேன்ட்டைப் பார்த்து, “அட, இன்னிக்குத்தான் முதல் தடவை” என்று ஆச்சரியப்படுகிறவர் இன்னொரு ரகம். இவர்களை உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தவர் இவர்களைவிட ஆபத்தானவர். இவர் பொறுப்புள்ளவர். தன் நாயிடம் ஒரு குறை இருக்கிறது என்று தானே முன்வந்து ஒப்புக்கொள்கிறவர். வருகிற போகிறவர்களின் முகத்தை நக்குகிறது என்கிற அந்தக் குறையைத் தீர்ப்பதற்காகப் புத்தகம் வாங்கியவர், வீடியோ பார்த்தவர், தனியாக ஒரு நோட்டுப் போட்டுத் தேதிவாரியாக எழுதி வருகிறவர். இந்த ரகத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர், ‘பழக்குகிறவர்.’

கவனியுங்கள். பழக்கியவர் இல்லை, பழக்குகிறவர். அந்த வேலை முடிவதே இல்லை. முடிந்துவிட்டால் அப்புறம் அவர் எதைப் பற்றிப் பேசுவார்?

என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சோபா, நாற்காலி, கார் சீட்டு எதுவானாலும் உரித்துப் போட்டுப் புதுசாகத் தைத்துக் கொடுக்கிற குஷன் கடை என்னுடையது. பதிமூன்று வயதில் ஒரே ஒரு வளைந்த ஊசியோடு ஆரம்பித்தேன். இன்றைக்கு இரண்டு கடை, ஆறு மெஷின், ஒன்பது ஆள். யாரும் எனக்கு ஏணி பிடிக்கவில்லை. கல்லாவுக்கு மேலே ‘கடன் கிடையாது’ என்று ஒரு பலகை தொங்குகிறது; அதை எழுதியவனும் நான்தான், ஆணி அடித்தவனும் நான்தான். அப்படிப்பட்டவன் ஆடிட்டருக்கு மட்டும் ஏன் கடன் விட்டாய் என்று கேட்பீர்கள். சோபாவைக் கொண்டுபோய் இறக்கின அன்று அவர் தையலைத் தடவிப் பார்த்து, “பெரியவரே, இது கையா, இல்ல மந்திரமா? உங்களை மாதிரி ஒரு வேலைக்காரரை நான் என் ஆயுசுல பாத்ததில்ல” என்றார். நான் டீ குடித்துவிட்டு, பணம் கேட்காமல் வந்துவிட்டேன். அது வேறு விஷயம்.

அது மூன்று பேர் உட்காரும் சோபா. அதன் ஒரு பக்கத்துக் கையைக் கடித்து, ரெக்சினைக் கிழித்து, உள்ளே இருந்த ஸ்பாஞ்சைக் கூடம் முழுக்கப் பனி பெய்த மாதிரி இறைத்தவர் துரை. துரை என்பது நாயின் பெயர். கன்றுக்குட்டி உயரம், பழுப்பு நிறம். நாக்கு மட்டும் தனியாக ஒரு கிலோ தேறும். பார்த்தவுடன் எனக்கு அவர் மேல் மரியாதை வந்துவிட்டது; எனக்கு வேலை கொடுக்கிற யாரையும் நான் ‘அவர்’ என்றுதான் சொல்வேன்.

பதினைந்து நாள் கழித்துப் பணத்துக்குப் போனேன். வாசல் கதவில் கண்ணாடி உறை போட்ட ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘வருகை தருவோர் கவனத்திற்கு’ என்று தலைப்பு. நாயின் கண்ணைப் பார்க்க வேண்டாம். சிரிக்க வேண்டாம். கத்த வேண்டாம். கைகளைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கவும். நாய் நாலு காலையும் தரையில் ஊன்றி உட்கார்ந்த பிறகே திரும்பவும், திரும்பியவுடன் தாமதிக்காமல் பாராட்டவும். கீழே கையெழுத்து, தேதி, ரப்பர் ஸ்டாம்பு. நான் எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தேன். மொத்தம் ஐந்து விதி. ஐந்தும் எனக்கு. நாய்க்கு ஒன்றுகூட இல்லை.

பெல்லை அழுத்தினேன்.

“தாள் படிச்சீங்களா?” என்று உள்ளேயிருந்து குரல்.

“படிச்சேன் சார். அந்தப் பணம்…”

“கை கட்டியாச்சா?”

“கட்டியாச்சு.”

“சுவரைப் பாத்துட்டீங்களா?”

“எந்தச் சுவரை சார் பாக்கறது? நான் தெருவுல நிக்கிறேன்.”

“கதவு திறந்ததும் வலது கைப்பக்கம் இருக்கும். நேரா அதுகிட்டப் போய் மரம் மாதிரி நிக்கணும். துரை வருவான், மோந்து பாப்பான், போயிடுவான். அவ்வளவுதான்.”

கதவு திறந்தது. நான் சுவரை நோக்கி நடந்தேன். துரை அதற்கு முன்னாலேயே அங்கே போய்விட்டார். சுவருக்கும் எனக்கும் நடுவில் எழுந்து, இரண்டு முன்காலையும் என் தோளில் வைத்து, தாடையில் ஆரம்பித்து, மூக்கு வழியாக, நெற்றி வரைக்கும், வெள்ளையடிக்கிறவர் ஒரே இழுப்பில் பிரஷை ஏற்றுவதுபோல ஏற்றிவிட்டார். என் மூக்குக்கண்ணாடி ஒரு காதில் மட்டும் தொங்கியது.

“ஐயய்யோ!” என்றேன்.

“கத்திட்டீங்களே!” என்றார் ஆடிட்டர். நாயைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து. “நீங்க கத்தினா அது அவனுக்கு விளையாட்டு. இப்ப நீங்க அவனுக்குப் பரிசு குடுத்துட்டீங்க. மூணு வாரப் பயிற்சி, ஒரே நிமிஷத்துல போச்சு.”

“நான் என்ன சார் பரிசு குடுத்தேன்? மூஞ்சியைத்தானே குடுத்தேன்?”

“அதான் பரிசு. சரி, பரவாயில்ல. வெளிய போய் மறுபடி பெல் அடிங்க. முதல்லேர்ந்து பாக்கலாம்.”

அன்றைக்கு நான்கு முறை பெல் அடித்தேன். இரண்டாவது முறை கூச்சத்தில் சிரித்துவிட்டேன், தப்பு. மூன்றாவது முறை கையால் தள்ளிவிட்டேன். பெரிய தப்பு, தள்ளுவதும் கொஞ்சுவதும் நாய்க்கு ஒன்றுதானாம். நான்காவது முறை கத்தவில்லை, சிரிக்கவில்லை, தள்ளவில்லை, மூச்சுக்கூட விடவில்லை. துரை நக்கினார். ஆடிட்டர் நோட்டை எடுத்து, எனக்குக் கேட்கும்படி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்: “வந்தவரிடம் நல்ல முன்னேற்றம்.”

பணம்?

“துரை இன்னிக்கு ரொம்ப களைச்சிட்டான் பெரியவரே. அடுத்த வாரம் வாங்க. வரும்போது இதே சட்டையைப் போட்டுட்டு வாங்க. அவன் குழம்பிடக் கூடாது பாருங்க.”

இதே சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். போனேன் என்பதுதான் வெட்கக்கேடு.

பழக்குகிறவரை அடையாளம் கண்டுகொள்ள அவர் வீட்டு நாயைப் பார்க்க வேண்டியதில்லை. அவர் வீட்டுக்கு வருகிறவர்களைப் பார்த்தால் போதும். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் சிலிண்டரை இறக்கின கையோடு சுவருக்குத் திரும்பி நின்றுகொள்வார், பார்சல் கொண்டுவருகிறவர் கண்ணை மூடிக்கொண்டே கையெழுத்து வாங்கப் பழகிவிட்டார், எதிர்வீட்டு நர்ஸம்மா ஒரு முட்டை கடன் கேட்க வந்தால்கூட, வேலையில் மூக்கை மூடுகிற அந்த முகமூடியைப் போட்டுக்கொண்டு கைகட்டித்தான் கேட்பார், ஆடிட்டரின் சொந்த மாமியார், எழுபத்தெட்டு வயது, முட்டிவலிக்காரி, இரண்டு பஸ் மாறி மகளைப் பார்க்க வந்தவர், வந்ததும் வராததுமாகக் கூடத்துச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு, “போயிட்டானா? போயிட்டானா மாப்பிள்ளை?” என்று கேட்டுக்கொண்டே நின்றதை நானே என் கண்ணால் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை நாங்கள் நான்கு பேர் ஒரே நேரத்தில் அந்தச் சுவரைப் பார்த்து வரிசையாக நின்றோம். தெருவில் போகிறவர்கள், உள்ளே என்னவோ பிரார்த்தனை நடக்கிறது என்று நினைத்துச் செருப்பைக் கழற்றியிருப்பார்கள்.

மூன்று மாதத்தில் அந்தத் தெருவே பழகிவிட்டது. துரை மட்டும் பாக்கி.

இதைச் சொன்னால் பழக்குகிறவர் கோபப்பட மாட்டார். அவருக்கென்று சில வாசகங்கள் உண்டு, அவற்றில் ஒன்றை எடுத்து விடுவார். “நேத்து வந்திருந்தா பாத்திருப்பீங்க.” இது தினமும் சொல்லப்படும். துரை நேற்று எப்போதும் உத்தமர். அவருடைய தப்பெல்லாம் இன்றைக்குத்தான். “அவனுக்கு உங்களைப் பிடிச்சிருக்கு.” இது நம் வாய்க்குள் நாக்குப் போனபோது சொல்லப்படும். “தப்பு நாய்மேல இல்ல, மனுஷங்க மேல.” இதைச் சொல்லும்போது அவர் மனுஷர்கள் என்று நம்மைத்தான் சொல்கிறார், தன்னைச் சேர்க்கவில்லை. ஆடிட்டர் வேலையே அதுதானே? மற்றவர்கள் கணக்கில் எங்கே ஓட்டை என்று பார்க்கிற வேலை. தன் கணக்கைத் தானே பார்க்கக் கூடாது என்று அவர்கள் சட்டத்திலேயே இருக்கிறதோ என்னவோ.

அந்தப் பணம் சும்மா பெட்டியில் போட்டுப் பூட்டிவைப்பதற்கு இல்லை. என் வீட்டுக்காரிக்கு மேலும் கீழுமாகப் பல் எல்லாம் விழுந்துவிட்டது. பல் செட் கட்டப் பல் டாக்டர் சொன்ன தொகை பதினெட்டாயிரம். மேலே ஐந்நூறு போகவர ஆட்டோவுக்கு. ஆடிட்டர் சோபாப் பணம் உனக்குத்தான் என்று நான் வாயைத் திறந்து சொல்லியாயிற்று. அன்றிலிருந்து அவள் ரொட்டியை டீயில் நனைத்து நனைத்துத் தின்கிறாள். அப்படி நனைக்கும்போது என்னைப் பார்ப்பாள் பாருங்கள், அந்தப் பார்வைக்குத் துரையின் நாக்கே தேவலை.

“என்னங்க, இன்னிக்கும் மூஞ்சி பளபளன்னு இருக்கே” என்பாள் நான் உள்ளே நுழைந்ததும். “பணம் வரலன்னு நீங்க சொல்லவே வேணாம். மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது.”

“அடுத்த வாரம் தர்றேன்னிருக்கார்.”

“நாப்பது வருஷமா யார்கிட்டயும் ஏமாந்ததில்லன்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்க. கடைசில ஒரு நாய்கிட்டயா?”

“நாய் ஏமாத்தல. அது நேர்மையாத்தான் இருக்கு.”

“அப்ப பல்லை அதுகிட்டயே கேக்கறேன். அதுக்கு நாப்பத்திரண்டு இருக்காமே, பாதி குடுக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, பொக்கை வாயால் சிரித்தாள். பிறகு, “முதல்ல போய் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க” என்றாள். சிரித்தது பொய். ரொட்டி நனைத்தது நிஜம்.

அடுத்த தடவை போனபோது ஆடிட்டர் மாடியில் போனில் பேசிக்கொண்டிருந்தார். துரை அவருடன். அவர் வீட்டம்மா என்னைக் கூடத்தில் உட்காரச் சொன்னார். நான் தைத்த சோபாவில் நானே உட்காருவது எனக்குப் பிடித்த விஷயம். உட்கார்ந்ததும் என் கை தன்னால் தையலைத் தடவியது. அப்போதுதான் பார்த்தேன்.

இங்கே என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டாக்டர் நாடி பிடித்துச் சொல்வதை நான் ஸ்பாஞ்சு பிடித்துச் சொல்வேன். ஒரு சோபாவைக் கவிழ்த்துப் பார்த்தால் அந்த வீட்டில் யார் எங்கே உட்காருகிறார்கள், யார் கால் நீட்டிப் படுக்கிறார்கள், எந்தப் புருஷன் பெண்டாட்டி ஒரே மூலையில் உட்காருவதை நிறுத்திவிட்டார்கள் என்பது வரை சொல்லிவிடுவேன். படித்தவர்களுக்கு இது தெரியாது. நான் போட்ட ரெக்சின் மூன்று மாதத்தில் எங்கேயும் ஒரு கோடு விழாமல் கண்ணாடி மாதிரி இருந்தது, ஒரே ஓர் இடத்தைத் தவிர. இடது மூலையில், கைப்பிடிமேல், நகக் கீறல். வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாக. ஒன்றிரண்டு இல்லை, ஒன்றின்மேல் ஒன்றாக நூறு இருக்கும். தினமும் ஒரு நாய் அதே இடத்தில் முன்காலை ஊன்றி எழுந்து நிற்கிற கீறல். அதற்குப் பக்கத்து இருக்கையில் ஸ்பாஞ்சு கைப்பிடியை நோக்கிச் சாய்ந்து அமுங்கியிருந்தது. அங்கே உட்காருகிறவர், கனத்த ஆள், தினமும் அந்தப் பக்கம் குனிகிறார். நாயிடம் முகத்தைக் கொண்டுபோய்க் கொடுக்காமல் அந்தப் பள்ளம் விழாது.

“அம்மா,” என்றேன், “இந்த மூலையில யார் உக்காருவாங்க?”

வீட்டம்மா கையிலிருந்த டீயை வைத்துவிட்டு, மாடிப்படியை ஒரு பார்வை பார்த்தார். “கண்டுபிடிச்சிட்டீங்களாண்ணே?”

“யாரும்மா?”

“காலைல அஞ்சரைக்கு அலாரம் வெச்சு எழுந்திரிக்கிறாரு. வாக்கிங் போகத்தான்னு நான் நெனச்சிட்டிருந்தேன். ஒரு நாள் தண்ணி குடிக்க வந்தேன். விளக்குக்கூடப் போடல. இங்க உக்காந்து, கண்ணை மூடிட்டு, மூஞ்சியை நீட்டிட்டிருக்காரு. அது இந்தக் காதுலேர்ந்து அந்தக் காது வரைக்கும் துடைக்குது. ‘என் ராஜா, என் தங்கம், ஆபீஸ்ல ஒருத்தனும் என்னை மதிக்கிறதில்லடா’ன்னு பேச்சு வேற. இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தறேன், என்னை ஒரு நாள் தங்கம்னு சொன்னதில்ல.”

“கேட்டீங்களா?”

“கேட்டேனே. ‘அது வேற’ன்னாரு. ‘அது எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல. விதி வர்றவங்களுக்குத்தான்’னாரு. எங்க அம்மா சுவத்துல நெத்தியை முட்டிட்டு நிக்கிறாங்க, இவரு விதி பேசறாரு!”

இதுதான் பழக்குகிறவரின் அடிமடி ரகசியம். ‘அது வேற.’ இந்த ரெண்டு வார்த்தையில் அவர் குடும்பமே நடத்துவார்.

மாடியிலிருந்து இறங்கி வந்த ஆடிட்டர் அன்றைக்கும் பயிற்சி நடத்தினார். அன்றைக்கும் நான் நக்கப்பட்டேன். பதின்மூன்று. அன்றைக்கும் பணம் வரவில்லை. ஆனால் வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது ஒரு யோசனை வந்தது. எனக்கு யோசனை வந்தால் அது சாதாரணமாக வராது. இரண்டு கடையும் அப்படித்தான் வந்தது. அந்தத் தாளில் இருக்கிற ஐந்து விதியும் தப்பில்லை. நல்ல விதிகள். இவ்வளவு நாளாக அவற்றைத் தப்பான ஆளிடம் செய்துகொண்டிருந்திருக்கிறோம்.

அடுத்த திங்கட்கிழமை காலை பெல் அடித்தேன். துரையைக் குளிப்பாட்டிப் பின்பக்கம் வெயிலில் விட்டிருந்தார்கள். நான் உள்ளே நுழைந்து, யாரும் சொல்லாமலே நேராகச் சுவரிடம் போய், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

“அட, துரை இங்க இல்ல பெரியவரே. பின்னாடி இருக்கான். திரும்புங்க” என்றார் ஆடிட்டர்.

நான் திரும்பவில்லை.

“பெரியவரே! நேத்து ஒரு அதிசயம் நடந்துச்சு. பேப்பர்காரன் வந்தான். துரை ஒரு தடவைதான்…”

நான் பேசவில்லை.

அவர் என் இடது பக்கம் வந்தார். நான் வலது பக்கம் திரும்பினேன். வலது பக்கம் வந்தார். இடது பக்கம் திரும்பினேன். நோட்டை எடுத்துவந்து என் காதுக்குப் பக்கத்தில் வைத்து வாசித்தார். இரண்டு பக்கம் வாசித்தார். ஒரு ‘ம்’ கூடக் கொடுக்கவில்லை நான். ஒரு பழக்குகிறவரிடம் ‘ம்’ கொடுக்காமல் நின்று பாருங்கள், மனுஷர் எப்படி ஆகிவிடுகிறார் என்று. முதலில் குரல் உயர்ந்தது. பிறகு என் தோளைத் தட்டினார். பிறகு சட்டையைப் பிடித்து இழுத்தார். கடைசியில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. துரை கதவுக்குப் பின்னால் நின்று போடுகிற அதே சத்தம்.

“என்னதான் வேணும் உங்களுக்கு? சொல்லித் தொலைங்களேன்!”

சமையலறை வாசலில் வளையல் சத்தம் கேட்டது. வீட்டம்மா வந்து நின்றுவிட்டார் என்று தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ஆடிட்டர் உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம். நான் பாதி திரும்பி, “நல்லது சார்” என்றேன்.

அவர் வெளியே வந்தார். கையில் பணம் இல்லை. கால்குலேட்டர். “ஒரு சின்ன டிஸ்கவுண்ட் பத்திப் பேசிடலாம்னு…”

நான் சுவருக்குத் திரும்பிக்கொண்டேன்.

“அண்ணே,” என்றார் வீட்டம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு, “பிஸ்கட் ஏதாவது எடுத்துட்டு வரட்டுமா, கையில வெச்சுக்கறீங்களா?”

ஆடிட்டர் அவரை முறைத்தார். என் முதுகை முறைத்தார். மறுபடி உள்ளே போனார். மறுபடி பீரோ. இந்தத் தடவை உள்ளறை திறக்கிற சாவிச் சத்தமும் கேட்டது. அவர் வெளியே வந்ததும் ஓரக்கண்ணால் பார்த்தேன். ரப்பர் பேண்டு போட்ட கட்டு. நான் முழுக்கத் திரும்பினேன், தாமதிக்காமல், தாளில் போட்டிருந்தபடி, “பலே! ரொம்ப நல்லது சார்! உங்களை மாதிரி ஒரு ஆளை நான் என் ஆயுசுல பாத்ததில்ல!” என்றேன்.

மனுஷர் முகம் மலர்ந்துவிட்டது. உண்மையாகவே மலர்ந்துவிட்டது.

வலது கையை விரித்து நீட்டினேன். எல்லாம் ஐந்நூறு தாள். அவர் ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்து எண்ண ஆரம்பித்தார். “ஒண்ணு… ரெண்டு…” நானும் மனசுக்குள் எண்ணினேன். பதினெட்டு வரை மேல்வரிசைப் பல், அதற்கு மேல் கீழ்வரிசை. ஆனால் பீரோவின் அதே உள்ளறையில்தான் நாய் பிஸ்கட் டப்பாவும் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. அந்தச் சாவிச் சத்தம் கேட்டால் துரை எங்கே இருந்தாலும் வருவார். வந்தார். ஈரத்தோடு வந்து, என் தோளில் காலை வைத்து, ஏற்றினார். பதினாலு. கத்தினால் எண்ணிக்கை போய்விடும். அசைந்தால் தாள் கீழே விழும். சிரிக்க எனக்கு மனசு இல்லை. என் கண்ணும் கருத்தும் அந்தத் தாள்களில்தான் இருந்தன. பதினைந்து. பதினாறு. நான் அந்த நாய் இருக்கிறது என்பதையே மறந்துவிட்டேன், சத்தியமாக.

துரை இறங்கினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். கொட்டாவி விட்டார். நாலு காலையும் தரையில் ஊன்றி, உட்கார்ந்தார்.

“இருபத்து மூணு…” என்ற ஆடிட்டர் அப்படியே நின்றார். “பாத்தீங்களா? பாத்தீங்களா! உக்காந்துட்டான்! உக்காந்துட்டான்டி!” என்று கத்தினார், சிரித்தார், மீதித் தாளை மேசைமேல் எறிந்தார், முட்டிபோட்டுத் துரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “என் ராஜா! என் தங்கம்!” என்று முகத்தை நீட்டினார். தாடையிலிருந்து நெற்றி வரை, ஒரே இழுப்பு.

வீட்டம்மா தலையில் அடித்துக்கொண்டார். “என்னங்க பண்றீங்க!”

“இது வேற,” என்றார் ஆடிட்டர், ஈர முகத்தோடு. “இது பாராட்டு.” பிறகு எழுந்து, மேசைமேல் இருந்த தாள்களையும் என் கையிலிருந்த தாள்களையும் பார்த்தார். “எத்தனை எண்ணினேன்?”

“இருபத்து மூணு சார்.”

“நீங்க சொல்றீங்க. நான் எப்படி நம்பறது? முதல்லேர்ந்து எண்ணிடுவோம்.” என் கையிலிருந்த இருபத்து மூன்றையும் திரும்ப எடுத்துக்கொண்டார்.

அவர் முதலிலிருந்து எண்ணி முடிக்கிற வரை எனக்கும் வேலையில்லை, உங்களுக்கும் இல்லை. உங்களிடம் ஒன்று கேட்டுவிடுகிறேன். இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டு வந்தீர்கள். எங்கள் வீட்டில் நாயே இல்லை, நமக்கு என்ன என்று நினைத்தீர்கள். நாய் எதற்கு? சாப்பிடும்போது யாரும் போனைத் தொடக் கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டுவிட்டு, மேசைக்கு அடியில் கையை விட்டு, “இது ஆபீஸ் விஷயம், அது வேற” என்றது யார்? சர்க்கரை டப்பாவை என் கண்ணில் படாமல் ஒளித்துவை என்று பெண்டாட்டியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, அவள் ஒளித்து வைக்கும்போது பின்னாலேயே போய்ப் பார்த்தது யார்? குழந்தை அடம் பிடித்தால் யாரும் இடம் கொடுக்காதீர்கள் என்று எல்லாருக்கும் உபதேசம் செய்துவிட்டு, யாரும் பார்க்காதபோது அதன் கையில் மிட்டாயைத் திணித்தது யார்? நான் பெயர் சொல்லவில்லை. கன்னத்தை மட்டும் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருக்கிறதா?

என்னைக் கேட்கிறீர்களா? நான் அந்த ரகம் இல்லை. நாற்பது வருஷம் ‘கடன் கிடையாது’ என்று போர்டு மாட்டி நிமிர்ந்து நின்றவன் நான். ஒரே ஒருத்தர், ஒரே ஒரு தடவை, என் தையலைத் தடவிக்கொண்டு நாலு நல்ல வார்த்தை சொன்னார், நான் கொஞ்சம் முகத்தை நீட்டிவிட்டேன். அது வேறு.

“முப்பத்து அஞ்சு,” என்றார் ஆடிட்டர்.

துரை எழுந்து வாலை ஆட்டினார். நான் அவரைப் பார்க்கவில்லை. வீட்டம்மா ஓடிவந்து அவர் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டார்.

“முப்பத்து ஆறு.”

கடைசித் தாளைக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தார், நீவினார், மூலையில் இருந்த மடிப்பை நகத்தால் எடுத்தார். நான் கையை நீட்டியபடியே, கண்ணை எடுக்காமல், மரம் மாதிரி நின்றேன்.

“முப்பத்து ஏழு” என்று அதை என் உள்ளங்கையில் வைத்தார்.